வடிகட்டிக்கு வந்த வியாதி: தண்ணீர்மலை முதல் நிபோங் திபால் வரை

இந்த முறை வரலாற்றுக் கட்டுரைதான். ஆனால் மன்னர், போர், ஒப்பந்தம் எதுவும் இதில் கிடையாது. இது ஒரு வடிகட்டியின் வரலாறு.

தேநீர் போடும்போது கவனித்திருப்பீர்கள். வடிகட்டியில் தேயிலைச் சக்கை சேரச் சேர தேநீர் இறங்குவது மெதுவாகும். ஒரு தட்டு தட்டிக் கொட்டிவிட்டால் மறுபடியும் சரசரவென்று இறங்கும். சரி, தட்டினாலும் போகாத சக்கையாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விதான். குடிநீரை வடிக்கும் நவீன சவ்வுகள் பிறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அழுக்கைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தீர்ந்துபோன சிக்கல். தடுத்து நிறுத்திய அழுக்கு சவ்விலேயே ஒட்டிக்கொண்டு அதை அடைத்துவிடுகிறதே, அதுதான் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதோடு மல்லுக்கட்டியவர்களில் நம் பினாங்கு ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் கையாண்ட மருந்து நானோ துகள்.

நானோ தொழில்நுட்பத்தை ஐந்தாம் படிவ வேதியியலில் படிக்கிறோம். படித்தாலும், "நானோ துகள் சேர்த்தால் சவ்வு ஏன் அடைபடாமல் இருக்கிறது?" என்று கேட்டால் பெரும்பாலான விடைத்தாள்களில் தவறான காரணமே வருகிறது. அது ஏன் என்று பிறகு பார்ப்போம். முதலில் வரலாறு.

அருவியும் மணலும்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறாத பினாங்குத் தமிழர் அபூர்வம். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. மலைக்குப் பக்கத்து அருவிதான் ஜார்ஜ்டவுன் நகரத்துக்கு ஆதியில் தண்ணீர் கொடுத்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே குடியேற்றத்தைத் தொடங்கினார். ஊர் வளர்ந்தது. 1804-05 வாக்கில், ஃபார்குவார் ஆளுநராக இருந்தபோது, அருவி நீரைச் செங்கல் வாய்க்கால் கட்டி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வடிகட்டி எதுவும் இல்லை. மலைநீர் தெளிவாகத்தானே இருக்கு, அதற்கு எதற்கு வடிகட்டி என்பதுதான் அன்றைய நினைப்பு.

அதே 1804ஆம் ஆண்டில் உலகத்தின் இன்னொரு மூலையில் என்ன நடந்தது தெரியுமா? ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜான் கிப் என்பவர் துணி வெளுக்கும் தொழில் நடத்திவந்தார். அவருக்குக் கலங்கலில்லாத தண்ணீர் வேண்டும். ஆற்று நீரைக் கல்லிலும் மணலிலும் வடித்தார். தம் தேவைக்குப் போக மிஞ்சியதை ஊராருக்கு விற்றார். ஒரு நகரம் முழுவதற்கும் வடிகட்டிய நீர் கிடைத்த முதல் நிகழ்வாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1829இல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்சன் பெரிய அளவில் மணல் வடிகட்டி அமைத்தார்.

மணல் வடிகட்டியில் ஒரு விநோதம் உண்டு. மணலுக்கு இடையே உள்ள இடைவெளி நுண்ணுயிரியைவிடப் பல மடங்கு பெரியது. பிறகு எப்படி அது கிருமியைப் பிடிக்கிறது? சில நாட்களில் மணலின் மேல் வழவழப்பாக ஒரு படலம் வளர்கிறது. பாசி, நுண்ணுயிர், அவற்றின் கசிவு எல்லாம் சேர்ந்த படலம். அதுதான் கிருமியைப் பிடித்து உண்கிறது. அதாவது மணல் வடிகட்டியில் மேலே படியும் அழுக்கே பாதி வேலையைச் செய்கிறது. படலம் தடித்து நீர் இறங்காமல் போனால் மேல்மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குவார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு வந்தபோது இந்தக் கணக்கு அப்படியே தலைகீழானது.

மணலின் மதிப்பை உலகுக்குக் காட்டியது 1892. ஜெர்மனியில் ஹாம்பர்க், அல்டோனா இரண்டும் ஒட்டியிருந்த ஊர்கள். இரண்டும் எல்பே ஆற்றிலிருந்தே நீர் எடுத்தன. அல்டோனா தன் நீரை மணலில் வடித்தது, ஹாம்பர்க் வடிக்கவில்லை. காலரா வந்தது. ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இத்தனைக்கும் அல்டோனா ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர், ஹாம்பர்க்கின் கழிவையும் சேர்த்து வாங்கிக்கொண்ட ஊர். நம் தண்ணீர்மலை அருவிக்கு நீர்த்தேக்கம் அமைந்ததும் இதே 1892இல்தான். வரலாறும் அறிவியலும் இரண்டு பாடவேளை என்று பிரித்துவிட்டதால் இப்படிப்பட்ட ஆண்டுப் பொருத்தங்களை நாம் வகுப்பில் சொல்வதே இல்லை.

நம் பாட்டிமாருக்கும் இதில் பங்கு உண்டு. கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்ப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். கொட்டையிலிருந்து கரையும் பொருள் மிதக்கும் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. கட்டியானது கனத்தால் அடியில் படிகிறது. இன்று சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே. இப்போது பினாங்கின் நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. கலங்கலைக் கட்டவைத்து, படியவிட்டு, மணலில் வடித்து, குளோரின் சேர்ப்பதே அதைச் சுத்தம் செய்யும் அடிப்படை வழி. பெய்ஸ்லிக்காரர் பார்த்தால் பாதியை அடையாளம் கண்டுகொள்வார்.

பாலாடை போல ஒரு தோல்

மணலுக்குப் பிடிபடாதவை சில இருக்கின்றன. கரைந்த உப்பு, வைரஸ், மிக நுண்ணிய எண்ணெய்த் துளி போன்றவை. அவற்றை நிறுத்தச் சவ்வு வேண்டும். 1748இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார், சாராயம் நிரம்பிய குடுவையின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உள்ளே புகுந்து சவ்வு உப்பிப் புடைத்தது. சவ்வூடு பரவல் பற்றிய முதல் பதிவு அதுவே. 1907இல் ஜெர்மானியரான பெக்கோல்ட், துளையின் அளவை மாற்றி மாற்றிச் செயற்கைச் சவ்வு செய்துகாட்டினார். நுண்வடிகட்டலுக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை வைத்தவரும் அவரே. ஆனால் இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும்தான் உதவின. நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

இங்கேதான் நம் காதுக்குப் பழகிய ஒரு பெயர் வருகிறது. சீனிவாச சௌரிராஜன். சௌரிராஜன் என்பது நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருக்கண்ணபுரம் பெருமாளின் பெயர். இந்தியாவில் பிறந்த இவர் 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்வில் இருந்தார். சிட்னி லோப் என்பவர் அவரோடு சேர்ந்தார். செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பொருளில் செய்த சவ்வு உப்பை நிறுத்தும் என்பது ஏற்கெனவே தெரியும். ஆனால் நீர் வருவது அநியாயத்துக்குக் குறைவு.

வேலையின் நடுவே ஒன்றைக் கவனித்தார்கள். ஒரே சவ்வை ஒரு பக்கமாக வைத்தால் உப்பை நிறுத்தியது, திருப்பி வைத்தால் நிறுத்தவில்லை. அப்படியென்றால் சவ்வின் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இல்லை என்றுதானே பொருள்? அதைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே இரண்டு பக்கமும் வேறுபட்ட சவ்வைச் செய்யும் முறையை உருவாக்கினார்கள். கரைசலை மெல்லியதாகப் பரப்பி, பனிநீரில் முக்கி, பிறகு வெந்நீரில் பதப்படுத்தினார்கள். மேலே ஒரு மைக்ரோமீட்டரைவிட மெல்லிய நெருக்கமான தோல் உருவானது. கீழே பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த தாங்கு படிவு. காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிகிற மாதிரி என்று மாணவர்களுக்குச் சொல்லலாம். உப்பை நிறுத்துவது அந்த ஆடை மட்டும்தான். ஆடை மெல்லியதாக இருந்ததால் நீர் ஏறத்தாழ பத்து மடங்கு வேகமாக வந்தது. 1960 வாக்கில் நடந்த இந்த வேலையிலிருந்துதான் இன்றைய எதிர் சவ்வூடு பரவல் தொழில் முழுவதும் கிளைத்தது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிறு ஊரில் முதல் நிலையம் ஓடியது. சௌரிராஜன் பிறகு கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இந்தத் துறையையே வளர்த்தார். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாக்களில் சி.வி. ராமன் படத்தை மாட்டுகிறோம். பக்கத்தில் இவருக்கும் ஓர் ஆணி அடிக்கலாம்.

நம் பக்கத்தில் சிங்கப்பூர் 2003இல் நியூவாட்டர் நிலையங்களைத் திறந்தது. கழிவுநீரைச் சவ்வில் வடித்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். சென்னைக்கு மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீர் நிலையங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர்.

நாசி கண்டார் டப்பா

சவ்வு பரவியதும் அதன் வியாதியும் பரவியது. மணலில் படிந்த படலம் உதவி செய்தது என்றோம் அல்லவா? சவ்வில் படியும் படலம் கழுத்தை நெரிக்கிறது. சவ்வின் துளை ஏற்கெனவே நானோமீட்டர் கணக்கில் இருக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதன்மேல் புரதம், எண்ணெய், மக்கிய இலையின் சாறு, நுண்ணுயிர் எல்லாம் ஒட்டினால் வழியே இல்லை. நீர் வரவில்லையென்று அழுத்தத்தைக் கூட்டுவார்கள், மின்கட்டணம் ஏறும். பின்னோக்கி நீரைச் செலுத்தி அலசுவார்கள். அதற்கும் போகாததைக் குளோரின், காரம், அமிலம் கொண்டு கழுவுவார்கள். கழுவக் கழுவச் சவ்வு நைந்துபோகும். கடைசியில் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு ஒட்டுகிறது? நாசி கண்டார் கடைக்குப் போங்கள். குழம்பை பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கி வாருங்கள். சாப்பிட்டுவிட்டு டப்பாவையும், வீட்டில் குழம்பு வைத்த எவர்சில்வர் கிண்ணத்தையும் வெறும் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கிண்ணத்தில் பிசுக்கு பெரும்பாலும் போய்விடும். டப்பாவில் போகாது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் மஞ்சள் கறையும் பிசுக்கும் நிற்கும். காரணம், அந்த பிளாஸ்டிக் தண்ணீரை விரும்பாது, எண்ணெயை விரும்பும். இன்றைய நுண்வடிகட்டிச் சவ்வுகள் பெரும்பாலும் பாலிசல்ஃபோன், பாலிஈதர்சல்ஃபோன், பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்குகளால் ஆனவை. உறுதியானவை, வெப்பத்தையும் குளோரினையும் தாங்குபவை. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் நீரை விரும்பாதவை. ஆக, அழுக்கை நிறுத்த வந்த பொருளே அழுக்குக்குச் சொந்தக்காரனாக இருக்கிறது.

நீரை விரும்பும் பொருள் ஒன்றைச் சவ்வில் கலந்தால் என்ன என்ற யோசனை இங்கிருந்துதான் பிறந்தது. முதலில் நீரில் கரையும் பாலிமர்களைக் கலந்து பார்த்தார்கள். பயன் இருந்தது. ஆனால் கரையும் பொருளாயிற்றே, நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். அடுத்து வந்தவை கரையாத கனிமத் துகள்கள்: சிலிக்கா, அலுமினா, டைட்டானியம் டையாக்சைடு. இவற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள் இருக்கின்றன. அவை நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சவ்வின் மேல் ஒரு நீர்ப்படலமே போர்வை போல நிற்கிறது. எண்ணெய்த்துளி வந்தால் பிளாஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் இந்த நீரைத் தள்ள வேண்டும். தள்ள முடியாமல் மேலோட்டமாகவே நிற்கும், அலசினால் போய்விடும்.

மாணவர்களே, முதலில் சொன்ன தவறு இதுதான்: "நானோ துகள் துளையைச் சிறிதாக்குவதால் அழுக்கு அடைக்காது" என்று எழுதிவிடுகிறார்கள். அளவு இங்கே முக்கியக் காரணம் அல்ல. மேற்பரப்பு நீர் விரும்பும் தன்மை பெறுகிறது, அதனால் அழுக்கு ஒட்டுவது குறைகிறது. இதுதான் விடை.

பிறகு ஏன் நானோ அளவு வேண்டும்? மேற்பரப்புக்காக. 10 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டைகளை ஒரு கிராம் எடுத்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு சுமார் 270 சதுர மீட்டர். இரட்டையர் ஆடும் பூப்பந்துத் திடல் ஒன்று ஏறக்குறைய 82 சதுர மீட்டர். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் மூன்று திடல்!

நிபோங் திபாலில்

இனி நம் ஊர்க் கதை. தென் செபராங் பிறையின் நிபோங் திபால் வட்டாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களின் பூமி. தமிழர்கள் அங்கே கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் கித்தா வந்தது, கித்தா போய் செம்பனை வந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

செம்பனைக்கும் சவ்வுக்கும் என்ன உறவு? ஆலைக் கழிவுநீர்தான். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் இரண்டரை முதல் மூன்று டன் வரை பழுப்பு நிறக் கழிவுநீர் வரும். அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விட்டால் மீன் மூச்சுத் திணறும். 1970களில் அப்படித்தான் பல ஆறுகள் கெட்டன. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1977இல் செம்பனை ஆலைகளுக்கான விதிகளும் வந்தன. விதிகள் எடுத்த எடுப்பில் கெடுபிடி செய்யவில்லை. 1978இல் அனுமதித்த அளவு 5,000. ஆண்டுக்கு ஆண்டு குறைத்து 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகள் வரிசையாகக் குளம் வெட்டி, நுண்ணுயிரிகளை விட்டுக் கழிவைத் தின்னவைத்தன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குளங்களின் நாற்றம் இன்றும் மூக்கில் இருக்கும்.

அப்துல் லத்தீஃப் அகமட், சுசிலாவதி இஸ்மாயில், சுபாஷ் பாட்டியா ஆகிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆலைக் கழிவுநீரைச் சவ்வில் வடித்துக் கொதிகலனுக்கே திருப்பி அனுப்ப முடியுமா என்பது கேள்வி. முடியும் என்று முன்னோட்ட ஆலையில் காட்டினார்கள். ஆக்சிஜன் தேவையில் 98 விழுக்காட்டுக்கு மேல் நீங்கியது, கலங்கல் அறவே போனது. ஆனால் அந்த அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். சவ்வுக்கு முன்னால் கட்டவைத்தல், படியவிடுதல், உறிஞ்சவைத்தல் என்று நீண்ட முன்தயாரிப்பு இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே சவ்வின்மேல் விட்டால் தாங்காது. சவ்வைக் காப்பாற்றவே பாதி ஆலை வேண்டியிருந்தது!

முன்தயாரிப்பைக் கூட்டிக்கொண்டே போவது ஒரு வழி. சவ்வையே மாற்றுவது இன்னொரு வழி. 2011இல் அப்துல் லத்தீஃப் அகமட், மஜிட், ஊய் பூன் செங் மூவரும் பாலிசல்ஃபோனில் சிலிக்கா நானோ துகளைக் கலந்து சவ்வு செய்தார்கள். எண்ணெய் கலந்த நீரை அதில் வடித்தார்கள். சிலிக்கா சேர்ந்த சவ்வு வெறும் பாலிசல்ஃபோனைவிட நீர் விரும்புவதாக மாறியது, நீர் பல மடங்கு கூடுதலாக இறங்கியது.

இதில் ஒரு தொல்லை உண்டு. கேழ்வரகுக் கூழ் கிண்டும்போது மாவை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும் அல்லவா? நானோ துகளும் அப்படித்தான். கெட்டியான பாலிமர் கரைசலில் கொட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டி தட்டினால் அது நானோவே இல்லை, வெறும் பொடிதான். மூன்று திடல் மேற்பரப்பு என்ற கணக்கெல்லாம் போயிற்று. கூடவே கட்டிகள் சவ்வில் ஓட்டை விடும், அல்லது துளையை அடைக்கும். அதனால்தான் "நிறையச் சேர்த்தால் நிறையப் பயன்" என்பது இங்கே செல்லாது. ஓர் அளவு வரை ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும்.

2012இல் அதே குழுவிலிருந்து வந்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. தியோ யெய்ட் ஹான், அப்துல் லத்தீஃப் அகமட், லிம் ஜிட் காங், ஊய் பூன் செங் ஆகியோர் செய்தது. சவ்வு செய்யும்போது பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் தோசை மாவு போல மெல்லியதாக இழுத்துவிட்டு, நீர்த்தொட்டியில் முக்குவார்கள். கரைப்பான் நீருக்குள் போகும், பாலிமர் உறைந்து சவ்வாகும். வழக்கமாக நானோ துகளை மாவில்தான் கலப்பார்கள். இவர்கள் மாற்றி யோசித்தார்கள். டைட்டானியம் டையாக்சைடு துகள்களைத் தொட்டி நீரில் கலந்துவைத்தார்கள். சவ்வு உறையும் அந்த நேரத்திலேயே துகள்கள் நீர்ப்பக்கத்திலிருந்து வந்து மேற்பரப்பில் அமர்ந்தன. இழுத்த மாவில் கட்டி தட்டும் சிக்கல் விலகியது. துகள் எங்கே வேண்டுமோ, அதாவது அழுக்கு வந்து மோதும் முகத்திலேயே உட்கார்ந்தது. இட்லி மாவில் மிளகைக் கலப்பதற்கும் ஊத்தப்பத்தின் மேல் வெங்காயம் தூவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அவர்கள் அழுக்காகத் தேர்ந்தெடுத்தது ஹியூமிக் அமிலம். மக்கிய இலையும் மரமும் கரைந்து நீருக்குத் தேயிலைச் சாயம் கொடுக்கும் பொருள் இது. ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர். பெயர்க்காரணம் எதுவாக இருந்தாலும், மலைக்காட்டு நீரையும் சதுப்புநில நீரையும் வடிக்கும் நமக்கு இந்தப் பழுப்புச் சாறு அந்நியமானதல்ல. சவ்வில் விடாப்பிடியாக ஒட்டுவதில் இதற்கு நிகர் குறைவு.

கடைக்கு வந்ததும் வராததும்

லோப், சௌரிராஜன் வேலை செய்த அதே லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில், 2007இல் எரிக் ஹோக் குழு எதிர் சவ்வூடு பரவல் சவ்வின் மெல்லிய தோலுக்குள் சியோலைட் நானோ துகளைப் பதித்துக் காட்டியது. அதிலிருந்து நேனோஎச்டூஓ என்ற நிறுவனம் பிறந்தது. 2014இல் கொரியாவின் எல்ஜி கெம் அதை வாங்கியது. ஆக, நானோ சவ்வு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது, கடல்நீர் நிலையங்களுக்கு விற்கிறார்கள்.

ஆனால் நானோ துகள் சேர்த்த சவ்வுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையையும், உண்மையில் நிலையங்களில் ஓடும் சவ்வுகளையும் ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். காரணங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, துகள் தங்குமா என்பது. வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. 2009இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் வெள்ளி நானோ துகள் பதித்த பாலிசல்ஃபோன் சவ்வைச் சோதித்தார்கள். கிருமிப் படலம் குறைந்தது, வைரஸும் கூடுதலாக நின்றது. ஆனால் கொஞ்ச நேரம் வடித்ததுமே மேற்பரப்பு வெள்ளி கரைந்து போய்விட்டது, அதோடு காவலும் போயிற்று. அவர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள். அதுதான் நல்ல ஆய்வுக்கு அடையாளம். சவ்வை விட்டுப் போன துகள் எங்கே போகும்? நம் குவளைக்கு. டைட்டானியம் டையாக்சைடை உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. சவ்வில் பதிந்த துகளும் உணவில் தூவிய துகளும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனால் "ஐந்தாண்டு குளோரினில் கழுவிய பிறகும் பதிந்தே இருக்குமா?" என்று கேட்கும் உரிமை தண்ணீர் குடிப்பவருக்கு உண்டு. சில மணி நேரச் சோதனையில் அதற்கு விடை கிடைக்காது.

மற்றொன்று, உண்மை ஆறு. ஆய்வுக்கூடத்தில் ஓர் அழுக்கைத் தனியாக எடுத்துக் கரைத்து வடிப்பார்கள். மூடா ஆறு அப்படி ஒழுங்காக வருமா? மழைக்குச் சேறு, வெயிலுக்குப் பாசி, மேல்பக்கத்திலிருந்து வயலின் உரம். எல்லாம் ஒரே நாளில் வரும். ஒரு படலம் மேலே படிந்துவிட்டால் பிறகு அழுக்கின் மேல்தான் அழுக்கு ஒட்டுகிறது, அடியில் இருக்கும் அருமையான நானோ பரப்பை யாரும் தொடுவதில்லை. அதனால் இந்தத் துகள்கள் அடைப்பை ஒழிக்கும் என்று எழுதாதீர்கள். தள்ளிப்போடும், கழுவுவதை எளிதாக்கும். இரண்டுமே காசு மிச்சப்படுத்தும் விஷயங்கள்தான்.

பினாங்குக்கு இது வெறும் பாட விஷயமாக இருந்துவிடாது. ஐந்தில் நான்கு பங்கு நீருக்கு ஒரே ஆற்றை, அதுவும் கெடாவிலிருந்து வரும் ஆற்றை நம்பியிருக்கும் மாநிலம் இது. பேராக்கிலிருந்து நீர் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. நம் பக்கத்தில் கடல் இருக்கிறது. என்றைக்காவது அந்தப் பக்கம் திரும்ப வேண்டி வந்தால், லிட்டருக்கு என்ன விலை என்பதைச் சவ்வின் ஆயுள் முடிவு செய்யும்.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதைச் செலவில்லாமல் காட்டலாம். ஒரு கண்ணாடித் துண்டை நன்றாகச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி. இரண்டிலும் ஒவ்வொரு துளி நீர் விட்டுப் பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் துளி பரவும், மூடியில் முத்து போல எழும்பி நிற்கும். துளி பரப்பைத் தொடும் இடத்தில் உள்ள கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். நிபோங் திபாலிலும் சவ்வை இப்படித்தான் சோதிக்கிறார்கள், கருவி மட்டும் விலை அதிகம். கோணம் குறைந்தால் நீர் விருப்பம் கூடுதல். கண்ணாடியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்காதான் என்பதை அவர்களாகவே கண்டுபிடிக்க விடுங்கள். நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

மேல்படிவ மாணவர்களுக்கு ஒரு கணக்கு. உருண்டைத் துகளின் மேற்பரப்பு, ஒரு கிராமுக்கு, ஆறை அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் கிடைக்கும். சிலிக்காவின் அடர்த்தியை கன சென்டிமீட்டருக்கு 2.2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆயிரமாகத் துகள்கள் கட்டி தட்டி விட்டம் 10 நானோமீட்டரிலிருந்து 100 நானோமீட்டர் ஆகிவிட்டால் எத்தனை சதுர மீட்டர் மிஞ்சும்? சுமார் 27. மூன்று திடல் போய், ஒரு திடலில் மூன்றில் ஒரு பங்கு.